விளிம்பில் எழுதியது

இருநூற்றுப் பன்னிரண்டின் ரத்தம்
மாலை ஆறுக்கு வந்தது.
மரிசெல் தன் கோட்டுக்குள் பொத்தி
தெருவைக் கடந்து கொண்டுவந்தாள்.
வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
குழாயில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது,
யாருடையது என்று சொல்லத் தெரியவில்லை.

பெயர் எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.
ஓர் எண், ஒரு பார்கோடு,
நான்காக மடித்த கேள்வித்தாள்.
வேலை என்ற கட்டத்தில்: இரவில்.
அவ்வளவுதான்.
நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?
போன நவம்பரில் அதற்குக் கட்டம் காலி.
விளிம்பில் மட்டும், பேனா அழுந்தி,
தாளின் பின்புறம் வரை தடம் விழ:
எது தூக்கம் என்று முதலில் சொல்லுங்கள்.

சாயம் ஏற்றுகிறேன்.
லேசர் ஒளியின் குறுக்கே
செல்கள் ஒற்றை வரிசையில் போகின்றன,
எந்த ரேஷன் கடையிலும் காணாத ஒழுங்கு.
விழித்தது மினுங்கும்.
உறங்குவது இருட்டாகக் கடந்துபோகும்.

பறை கேட்டதும் வாளெடுத்துப் புறப்பட்டவனை
இரண்டாயிரம் ஆண்டாகப் பாடிய மொழி என்னுடையது.
முதுகில் புண்பட்டவனை அது மன்னித்ததில்லை.
தூங்கிப்போனவனுக்கு
அதில் ஒரு வாழ்த்து இருக்கிறதா என்று
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தேடினேன்.

ஏனென்றால் இந்தக் கிருமி
புறப்பட்டு வருபவனுக்காகத்தான் காத்திருக்கிறது.
விழித்த செல்
தன் தோலெங்கும் கைப்பிடிகளை முளைக்கவிடுகிறது.
உள்ளே அடுப்பு எரிகிறது,
பட்டறை திறந்திருக்கிறது.
வந்தவன் அதே அடுப்பில்
தன் உலையை ஏற்றிக்கொள்கிறான்.
உறங்கும் செல்லையும் அவன் தட்டிப் பார்ப்பான்.
நுழைந்தாலும் விறகில்லை, வெளிச்சமில்லை.
பெரும்பாலும் பாதியில் நின்றுபோகும் காரியம்.
பெரும்பாலும்.
இந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த ஊரில் குளிர்காலம் முழுக்க
வண்டிகளை மின்சாரத்தில் கட்டிவைக்கிறோம்.
மூக்கிலிருந்து வயர் தொங்க
வரிசையாக நிற்கும்,
ஆஸ்பத்திரி வார்டு மாதிரி.
சாவி திருகியதும் உறுமவேண்டும் என்று
எஞ்சினை உறையவிடாத சூடு.
நவம்பரில் அவளுடைய செல்களும் அப்படித்தான்:
நூற்றுக்குப் பதினொன்று விழித்திருந்தன.
காய்ச்சல் இல்லை, புண் இல்லை,
எதற்கென்று தெரியாமல்
உறுமத் தயாராக.

ஆஸ்பிரின் கொடுத்தார்கள். தினம் ஒன்று, சின்னது.
ஆணுறையோடும் தடுப்பு மாத்திரையோடும் சேர்த்து,
அவற்றுக்குப் பதிலாக அல்ல;
படிவத்தில் அது தடித்த எழுத்தில் இருக்கிறது.

இன்று நான்கு.
இயந்திரத்தைக் கழுவி மறுபடி ஓட்டினேன்.
நான்கு.

மாத்திரையாக இருக்கலாம்.
சாயக் குப்பி போன மாதம் மாறியது,
அதுவாகவும் இருக்கலாம்.
ஒருத்தியின் ரத்தம் எதற்கும் ஆதாரம் ஆகாது.
இதை நானே புதிதாக வருபவர்களுக்குச் சொல்வேன்,
சற்று அலட்டலாக.

கேள்வித்தாளை விரித்தேன்.
விளிம்பில், பேனா அழுந்தாமல்:
வீடு மாறிவிட்டேன்.
இந்த அறையை உள்ளிருந்து பூட்டலாம்.
ஏழு மணி நேரம்.

எங்கள் அட்டவணையில் பூட்டுக்குக் கட்டம் இல்லை.
இதர என்று ஒன்று உண்டு,
நாற்பது எழுத்து கொள்ளும்.
தட்டினேன். பூட்டு வரும்முன் வெட்டுப்பட்டது.
வீடு மாறியதை எடுத்துவிட்டுத் தட்டினேன்.
தூக்கம் வெளியே நின்றது.
மூன்றாம் முறை
கதவை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மிச்ச ரத்தம் திரவ நைட்ரஜனுக்குப் போனது,
யாரும் எழுப்பமுடியாத உறக்கத்துக்கு.
மரிசெல் விளக்குகளை அணைத்தாள்.
வண்டியின் வயரை உருவிச் சுருட்டினேன்,
குளிரில் அது குச்சிபோல் விறைத்து
என் பேச்சைக் கேட்கவில்லை.

நோட்ரே டேம் அவென்யூவில்
ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு தாண்டியது.
எனக்கானதல்ல.
தோள்கள் தாமாக உயர்ந்தன.
மூன்று சிக்னல் வரை
இறங்கவில்லை.